வெளுத்த எண்ணெய்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து என் இளைய மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்து முடிந்ததும், "அப்பா, ஒரு எஞ்சின் சங்கதி. உங்களைத்தான் கேக்கணும்னு தோணுச்சுங்க" என்றான். அவன் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். எஞ்சினுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வியப்புடன் கேட்கலானேன்.

அவனுடைய அடுத்த வீட்டுக்காரர் பழைய ஜெட் படகு ஒன்று வைத்திருக்கிறாராம். விடுமுறை நாள்களில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அவ்வூரை அடுத்து ஓடும் வைமாக்கரிரி ஆற்றில் விடுவது அவருக்கு வழக்கம். ஒருநாள் ஆற்றின் நடுவே எஞ்சின் கடுமையாகச் சூடேறிவிட்டது. கரை சேர்த்துப் பார்த்தால், கறுத்திருக்க வேண்டிய எஞ்சின் ஆயில், பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்திருந்தது. பட்டறையில் விட்டு, ஹெட் கேஸ்கட்டை மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தார். மூன்றாம் முறை ஓட்டியபோது மீண்டும் அதே சூடு, அதே வெளுப்பு.

"பட்டறைக்காரர் ஏமாத்திட்டாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருக்காருங்கப்பா. நாளைக்கு நேர்லயே போய்ச் சண்டை போடப் போறாராம். நம்ம தோட்டத்து எஞ்சின்லயும் ஒருக்கா இப்படித்தான் ஆச்சுன்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். அதான் கூப்பிட்டேன்."

வெளுத்த எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் மனம் கிறைஸ்ட்சர்ச்சை விட்டுவிட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. "சண்டைக்கு இப்போது போக வேண்டாம் என்று அவரிடம் சொல். ஒரு நாள் பொறுக்கச் சொல்" என்று மட்டும் அப்போது கூறினேன். ஏன் அப்படிக் கூறினேன் என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

எங்கள் தோட்டம் பெருந்துறைக்குத் தெற்கே, சென்னிமலை செல்லும் வழியில் இருக்கிறது. பவானிசாகர் அணை 1955-ஆம் ஆண்டில் கட்டி முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, வாய்க்காலுக்குக் கீழே இருந்த நிலங்கள் செழித்தன. எங்கள் நிலமோ வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தது. கிணறு ஒன்றே கதி. மின் இணைப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஆகவே, பழைய ஆயில் எஞ்சின் ஒன்றை வாங்கி, கிணற்றின் உட்புறத்தில் வெட்டிய திட்டின்மேல் நிறுத்தியிருந்தோம். பம்பு இருபத்தைந்து அடிக்குமேல் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்காது என்பதால், எங்கள் பக்கத்து ஆழ்ந்த கிணறுகளில் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி வைப்பது அக்காலத்து வழக்கம்.

அந்த எஞ்சினைக் குளிர்விக்கத் தனியாகத் தொட்டி கிடையாது. பம்பு மேலே தள்ளும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரிந்துவந்து, எஞ்சினின் சிலிண்டரைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் பாயும். அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு வேறொரு குழாய் வழியே வெளியேறிக் கிணற்றிலேயே விழும். எஞ்சின் பம்பை ஓட்ட, பம்பு எஞ்சினைக் குளிர்விக்கும். ஒன்றையொன்று நம்பி வாழும் ஏற்பாடு அது.

எஞ்சினைப் பார்த்துக்கொள்ளப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய தாயார் எங்கள் காட்டில் களை எடுக்க வருபவர். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவது, குருடாயில் ஊற்றுவது, எண்ணெயின் அளவைப் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எஞ்சின் ஓடும்போது, வெளியேறும் குழாயின் வாயில் அடிக்கொருமுறை கையை நீட்டிப் பார்ப்பான். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று பொருள். யார் கற்றுக்கொடுத்ததோ, அவன் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

1983-ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ்நாட்டை வறட்சி வாட்டியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்திற்குப் போய்விட்டது. உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள ஃபுட்வால்வு ஏறக்குறையச் சேற்றையே தொட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை, பூப்பூத்து விழுது இறங்கும் பருவத்தில் நின்றது. அந்தப் பருவத்தில் பத்து நாள் தண்ணீர் தவறினால் செடி இருக்கும், காய் இராது. விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் வேறு தலைமேல் இருந்தது. தந்தையார் படுக்கையில் இருந்தார். பொறுப்பு முழுவதும் இருபத்தாறு வயதான என்மீது விழுந்திருந்தது.

அந்த நாள்களில் ஒருநாள் மாலை, பையன் மேலேறி வந்து என்னிடம் சொன்னான்: "ஏனுங்கண்ணா, எஞ்சின்ல வர்ற தண்ணி ரொம்பச் சுடுதுங்க. கை வெக்க முடியலீங்க. தண்ணியும் கொஞ்சமாத்தான் வருதுங்க."

கோடையில் எல்லாந்தான் சுடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் நானே கிணற்றுக்குள் இறங்கி எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினேன். எண்ணெய் குறியைத் தாண்டி ஏறியிருந்தது. நிறமோ வெளுத்துக் குழம்பி மோர்போல் இருந்தது. எண்ணெய் எவ்வாறு கூடும்? யாராவது ஊற்றாமல் கூடாது. என் மூளைக்கு எட்டிய விளக்கம் ஒன்றே ஒன்றுதான். நல்ல எண்ணெயை எடுத்து விற்றுவிட்டு, அளவு சரியாக இருக்கட்டும் என்று தண்ணீரை ஊற்றியிருக்கிறான் பையன் என்று முடிவுகட்டினேன். எண்ணெய் விலை உயர்ந்திருந்த காலம். அவன் வீட்டு வறுமையும் நான் அறிந்ததே. அந்த வறுமையையே சாட்சியாக வைத்து அவனைக் குற்றவாளியாக்கிவிட்டேன்.

ஊர் முச்சந்தியில், தேநீர்க்கடை வாசலில், நாலு பேர் முன்னிலையில் அவனைக் கேட்டேன். "நான் ஊத்தலீங்க" என்றான். அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. திருடன் என்ற சொல்லை நான் பயன்படுத்தினேன். மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. அவனுடைய தாயாரும் வரவில்லை.

எண்ணெயை வடித்துக் கொட்டிவிட்டு, புதிய எண்ணெய் ஊற்றி, நானே எஞ்சினை ஓட்டினேன். கிணற்றடிக்கு வேறொருவரையும் அண்டவிடவில்லை. மூன்றாம் நாள் குச்சியை உருவினேன். எண்ணெய் வெளுத்திருந்தது.

கிணற்றுத் திட்டின்மேல் அந்தக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை இன்றும் மறக்க இயலவில்லை. பையன் ஊற்றவில்லை. ஒருவரும் ஊற்றவில்லை. அது அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆயினும் நான் அவன் வீட்டை நோக்கி நடக்கவில்லை. கடலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு, மறுபடியும் எண்ணெயை மாற்றி ஓட்டினேன். இரண்டு நாள் கழித்து, எஞ்சின் அடிவயிற்றில் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஈரோட்டிலிருந்து வயது முதிர்ந்த பிட்டர் ஒருவர் வந்தார். ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டருக்கும் தண்ணீர் ஓடும் துளைக்கும் இடையே கேஸ்கட் கருகி அறுந்திருந்தது. இரும்பு அடிக்கோலை ஹெட்டின் முகத்தில் குறுக்கே வைத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கோலுக்குக் கீழே ஒளி தெரிந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. விரிசல் உண்டா என்று பார்க்க, மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் ஊறிவந்து வெள்ளைப் பொடியில் கோடு காட்டும். நல்வாய்ப்பாகக் கோடு விழவில்லை. ஆனால் அடியிலிருந்த பேரிங் தேய்ந்து போயிருந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு, உராயும் இரும்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தாங்கும் வலு கிடையாது என்று அவர் விளக்கினார்.

பிறகுதான் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இந்தச் சின்னக் குழாயைக் கடைசியா எப்பக் கழட்டிப் பாத்தீங்க?"

குளிர்விக்கும் தண்ணீர் வரும் குழாயைத்தான் கேட்டார். கழற்றித் தட்டினார். உப்புப் படிவும் மணலும் சேர்ந்து கல்லாகி, முக்கால் பங்கு அடைத்திருந்தது. வற்றிய கிணற்றின் சேற்றிலிருந்து பம்பு உறிஞ்சிய மணல் அது. தண்ணீர் குறைந்ததால் சூடு ஏறியது. சூடு ஏறியதால் ஹெட் வளைந்தது. ஹெட் வளைந்ததால் கேஸ்கட் கருகியது. கேஸ்கட் கருகிய இடத்தின் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, பிஸ்டனைக் கடந்து கீழே எண்ணெயில் இறங்கியது. நான் கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தாலும் ஒரு மாதத்தில் அதே கதைதான் நடந்திருக்கும்.

"தண்ணி சூடா வருதுன்னு யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஹெட்டை ஈரோட்டு லேத்துப் பட்டறையில் சமப்படுத்தி, பேரிங்கும் கேஸ்கட்டும் மாற்றி, குழாயைப் புதிதாக்கி, ஃபுட்வால்வை ஒரு மூங்கில் கூடைக்குள் வைத்துச் சேற்றிலிருந்து உயர்த்திக் கட்டி, எஞ்சின் மறுபடி ஓடியபோது பன்னிரண்டு நாள்கள் கடந்திருந்தன. கடலை பாதிக்குப் பாதி பொக்காகிவிட்டது. அந்த நட்டத்தை இரண்டாண்டுகளில் அடைத்துவிட்டோம்.

மற்றொரு கடனை அடைக்கத்தான் வழி தெரியவில்லை. பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். "எம் பையன் அப்படிச் செய்ய மாட்டானுங்கன்னு அன்னைக்கே சொல்ல வந்தனுங்க. நீங்க நிக்கலீங்க" என்றார் தாயார். அடுத்த ஞாயிறன்று திருப்பூர் சென்று, அவன் தங்கியிருந்த அறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். வழி நெடுகச் சொல்ல வேண்டியவற்றை மனத்தில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். நான் தொடங்குவதற்குள் அவன் கேட்டான்: "அந்தச் சின்னக் குழாயைக் கழட்டிப் பாத்தீங்களாண்ணா?"

அவன் அதைத்தான் ஐயுற்றிருக்கிறான். என்னிடம் சொல்லத்தான் மேலேறி வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "சரிங்கண்ணா" என்றான். திரும்பி வர அழைத்தேன். வரவில்லை. ஊருக்கு வந்ததும், அதே தேநீர்க்கடை வாசலில், அன்று இருந்தவர்களில் கிடைத்தவர்களை நிறுத்தி, தவறு என்னுடையது என்று சொன்னேன். இருவர் தலையசைத்தனர். ஒருவர், "விடுங்க, பழைய கதை" என்றார். திருடன் என்ற சொல்லைக் கேட்டவர் எத்தனை பேர், அதைப் பிறருக்குச் சொன்னவர் எத்தனை பேர் என்று நான் அறியேன். அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க எவராலும் இயலாது.

மறுநாள் மகனை நானே அழைத்தேன். ஜெட் படகு என்பது என்ன என்று முதலில் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அது பிறந்ததே அவன் வாழும் நாட்டில்தான். வில்லியம் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துப் பண்ணைக்காரர், தம் நாட்டின் ஆழமற்ற ஆறுகளில் சாதாரணப் படகின் சுழலி கற்களில் மோதி உடைவதைக் கண்டு, 1950-களில் இதை உருவாக்கிச் செம்மைப்படுத்தினார். படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சி, ஒரு பம்பினால் பின்புறமாகப் பீய்ச்சியடிக்க, படகு முன்னே பாய்கிறது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-ஆம் ஆண்டில் நம் கங்கையின் கடல்முகத்தில் புறப்பட்டு, ஆற்றை எதிர்த்து நந்தப்பிரயாகையின் அருகே அருவி தடுக்கும் வரை சென்றது இத்தகைய படகுகளில்தான். "நம் கிணற்றுப் பம்பு நின்ற இடத்தில் நின்று தண்ணீரைத் தள்ளியது. இந்தப் பம்பு தண்ணீரைத் தள்ளித் தானே நகர்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு" என்றேன். பழைய ஜெட் படகுகள் பலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் அந்தப் பம்பிலிருந்தே ஒரு சிறு குழாய் வழியாகப் பிரிந்து போகிறது. ஆற்றில் மணல் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னேன். இவை எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படலாம்.

எண்ணெய் வெளுத்திருந்தால் எஞ்சினை மறுபடி கிளப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கும் வேளையில் கிளப்பினால், தண்ணீர் நசுங்கி இடம் கொடுக்காது. உள்ளே இருக்கும் தண்டுதான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பிளக் மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் நுழைவது அந்தச் சிலிண்டரில் என்று ஐயுறலாம்.

வெளுப்பு எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் இலேசாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குளிர் நாட்டில் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தும் எஞ்சினில், காற்றின் ஈரமே அவ்வாறு படியும். ஐயம் இருந்தால், எண்ணெயில் ஒரே ஒரு சொட்டைச் சூடான தகட்டின்மேல், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும்.

தண்ணீர் எண்ணெயில் கலக்கும் வழி கேஸ்கட் ஒன்று மட்டும் அன்று. ஹெட்டில் விரிசல் இருக்கலாம். புகை வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள தண்ணீர்க் கூடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்குள் குழாய் ஒன்று அரித்துப் போயிருக்கலாம். கூலரைக் கழற்றி, வாயை அடைத்து, காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினால், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல் குமிழி காட்டிவிடும்.

"எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஏன் சூடேறியது என்று பார்க்கச் சொல். மணல் வடிகட்டியைத் திறக்கட்டும். பிறகு எஞ்சின் கூட்டின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றட்டும். தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ஒரு கம்பியால் குத்திப் பார்க்கட்டும். பட்டறைக்காரரைப்பற்றி அதுவரை ஒரு சொல்லும் பேச வேண்டாம்."

எட்டு நாள் கழித்து மகன் அழைத்தான். கூலரில் குமிழி வரவில்லை. வடிகால் திருகைக் கழற்றியபோது ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லையாம். கம்பியை விட்டுக் குத்தியதும் ஆற்று மணல் கொட்டியதாம். சிலிண்டரைச் சுற்றிய கூட்டின் அடிப்பாகம் முழுவதும் மணல் இறுகிக் கிடந்தது. பட்டறைக்காரர் கேஸ்கட்டை ஒழுங்காகத்தான் மாற்றியிருந்தார். படகு ஓடிய ஆறு எப்படிப்பட்டது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மணல் இருந்தவரை புதிய கேஸ்கட்டும் கருகத்தான் செய்யும். மணலை முழுவதும் கழுவியெடுத்து, ஹெட்டைச் சமன் பார்த்து, எண்ணெயை இருமுறை மாற்றி அலசிய பிறகு, இப்போது எண்ணெய் தெளிவாக நிற்கிறதாம்.

"அவர் பட்டறைக்குப் போனாரா?" என்று கேட்டேன்.

"போனாருங்கப்பா. ஏமாத்திட்டீங்கன்னு பேசினதுக்கு வருத்தம் சொன்னாராம். தெருவுல சொல்லி வெச்சவங்ககிட்டயும் ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வர்றாரு. அதுதான் எஞ்சின் வேலையைவிடக் கஷ்டமா இருக்குதுன்னு சிரிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒரு தெரு. நாள்களும் அதிகம் கடந்துவிடவில்லை. முடித்துவிடுவார்.

எங்கள் கிணற்றில் இப்போது மின்மோட்டார் இருக்கிறது. ஆயில் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆண்டுகள் பல ஆயின. அந்தச் சிறு குழாயை மட்டும் நான் போடவில்லை. அடைத்த மணலோடு, கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. வீட்டிலோ காட்டிலோ ஏதேனும் காணாமற்போய், யாரையேனும் ஐயுற்று ஒரு சொல் நாவின் நுனிக்கு வரும்போது, கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன்.